கொழும்பு மேயர் குணசிங்கவும் மலையகத் தமிழரும்

கொழும்பு புறக்கோட்டையை அடுத்துக் குணசிங்கபுர என்றோர் இடம் உண்டு. அங்கே ஒரு பஸ் நிலையமும் இருப்பதால் இப்பெயர் மக்கள் வாயில் நாளாந்தம் அடிபடுகிறது. பதுளை, மொனராகலைப் பக்கங்களிலிருந்து தலைநகருக்குப் போய்வரும் நம்மவர்களுக்கும் இது அந்நியமான பெயரன்று. ஆனால் அந்தக் குணசிங்க யார் என்று கேட்டால், இளைய தலைமுறையில் பதில் சொல்லக்கூடியவர்கள் சிலரே இருப்பர். அவருடைய வாழ்க்கைக்கும் ஊவாவின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழும் தமிழரின் தலைவிதிக்கும் தொடர்புண்டு என்றால், விடயமறிந்தவர்கள்கூடச் சற்று வியப்படையலாம். அத்தொடர்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலெக்சாண்டர் ஏக்கநாயக்க குணசிங்க 1891 மே மாதம் முதலாந் திகதி கண்டியில் பிறந்தார். உலகத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடப்படும் நாளில் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தந்தை பிறந்தது தற்செயலே எனினும், அவருடைய ஆதரவாளர்கள் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சில காலம் வேலை பார்த்த அவர், 1915 இல் ‘இளம் இலங்கையர் கழகம்’ என்ற அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். இத்தாலியில் மாஸினி தொடங்கிய ‘இளம் இத்தாலி’ இயக்கமே அதற்கு முன்மாதிரி. அதே ஆண்டு மூண்ட சிங்கள - முஸ்லிம் கலவரத்தையடுத்து ஆங்கில ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துப் பலரைச் சிறையிலடைத்தபோது, குணசிங்கவும் சிறை சென்றார்.

அக்காலத்தில் இலங்கை அரசியல் என்பது வழக்கறிஞர்களும் நிலச்சுவான்தார்களும் வெள்ளைக்காரத் தேசாதிபதிக்கு விண்ணப்பம் எழுதும் விவகாரமாகவே இருந்தது. குணசிங்க அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். தலைவரி என்றொரு வரி அன்று இருந்தது. ஆண்மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சில நாட்கள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடான பணத்தைக் கட்டவேண்டும். கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி. விக்டர் கொரயா போன்றோருடன் சேர்ந்து குணசிங்கவும் அவரது இளைஞர்களும் அதற்கெதிராக இயக்கம் நடத்தினர். அந்த வரி ஒழிந்தது. விண்ணப்பத்தால் ஆகாதது மக்கள் திரண்டால் ஆகும் என்று கொழும்புத் தொழிலாளர் கண்டுகொண்ட முதல் தருணங்களுள் அதுவும் ஒன்று.

1922 இல் இலங்கைத் தொழிற்சங்கம் தோன்றியது. அதை முன்னின்று நடத்தியவர் குணசிங்க. மறு ஆண்டே, அதாவது 1923 இல், கொழும்பில் பெருவேலைநிறுத்தம் வெடித்தது. புகையிரத வேலைத்தலங்களில் தொடங்கித் துறைமுகத்துக்கும் ஏனைய தொழிலகங்களுக்கும் பரவிய அவ்வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. ஆனால் சங்கம் அழியவில்லை. 1927 இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தமும், 1929 இல் டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தமும் நடந்தன. டிராம் வேலைநிறுத்தத்தின்போது மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. பொலிஸார் சுட்டதில் ஐவர் மாண்டனர். அந்த ஆண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் குணசிங்கவோடு உடன்படிக்கை செய்துகொண்டது. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1935 இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். சட்டம் அங்கீகரிப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே முதலாளிகள் அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

இனி நம்முடைய கதைக்கு வருவோம்.

கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1924 இல் பதுளையை வந்தடைந்தது. அதன்பின் ஊவாவின் தேயிலை பெட்டி பெட்டியாக ரயிலேறிக் கொழும்புத் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஒரு தேயிலைப் பெட்டியின் பயணத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கொழுந்து பறித்தவள் தமிழ்ப் பெண். தொழிற்சாலையில் அரைத்தவனும் தமிழன். ரயிலில் ஏற்றி இறக்கியவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தனர். துறைமுகத்தில் கப்பலேற்றியவர்களில் சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் என எல்லோரும் இருந்தனர். பெட்டி ஒன்று, அதன் இலாபம் போய்ச் சேரும் இடமும் லண்டன் என்ற ஒன்றே. தோட்டத்துத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே சங்கத்தில் இருப்பதற்கு இதைவிட வேறென்ன நியாயம் வேண்டும்?

அப்படியொரு சங்கம் உருவாகும் வாய்ப்பு உண்மையாகவே இருந்தது என்பதுதான் கவனிக்கவேண்டிய விடயம். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்து, பத்திரிகையாசிரியராகவும் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியாகவும் விளங்கிய கோ. நடேசய்யர், 1920களின் நடுப்பகுதியில் குணசிங்கவோடு இணைந்து அச்சங்கத்தின் உபதலைவர்களுள் ஒருவராகப் பணியாற்றினார். குணசிங்க சிங்களத்தில் பேச, நடேசய்யர் தமிழில் பேச, கொழும்புத் தொழிலாளர் இருவருக்கும் செவிகொடுத்தனர். இருவரும் பத்திரிகை நடத்தியவர்கள், கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர்கள், அஞ்சாதவர்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது கொழும்பிலும் பேசினார், பதுளைக்கும் வந்து பேசினார். நகரத்தையும் தோட்டத்தையும் ஒரே மூச்சில் நினைக்கக்கூடிய காலமாக அது இருந்தது.

ஆயினும் 1928 இல் குணசிங்கவும் நடேசய்யரும் பிரிந்தனர். தலைமைப் போட்டி, தனிமனிதக் கசப்பு என்று காரணங்கள் பல சொல்லப்படும். அடிப்படையில் இன்னொன்று இருந்தது. குணசிங்கவின் சங்கம் நகரத்தின் சங்கமாகவே நின்றுவிட்டது. அது தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியார் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். கங்காணியின் கண்ணுக்குத் தப்பி லயத்துக்குள் போவதே பெரும்பாடு. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றார் என்று மலையக வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரிடையே பாட்டுப் பாடிப் பிரசாரம் செய்தார். 1931 இல் அவர்கள் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனத் தனியே ஒரு சம்மேளனத்தை அமைத்தனர். கொழும்புச் சங்கம் ஒன்று, மலைநாட்டுச் சங்கம் வேறொன்று என்ற நிலை அன்று உருவாயிற்று. அப்பிளவு பின்னர் ஒருபோதும் முழுமையாக மூடப்படவில்லை.

இவ்விடத்தில் குணசிங்கவுக்கு நாம் பட்டிருக்கும் கடனையும் சொல்லியாகவேண்டும். 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அப்போது நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வருக்கே வாக்குரிமை இருந்தது. இலங்கைத் தேசிய காங்கிரஸின் பெரியமனிதர்கள் அதைச் சற்று விரிவாக்கினால் போதும் என்றனர். நமது சேர். பொன். இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். சொத்தோ படிப்போ பாராது எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று ஆணைக்குழு முன் கேட்டது குணசிங்கவின் தொழிற்சங்கமே. ஆணைக்குழு அந்தக் குரலுக்குச் செவிசாய்த்தது. 1931 இல் ஆணும் பெண்ணும் வாக்களித்த அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. ஆசியாவிலேயே அது முன்னோடியான நிகழ்ச்சி.

தோட்டத் தொழிலாளருக்கு அந்த உரிமை முழுமையாகக் கிட்டவில்லை என்பது வேறு விடயம். கண்டிச் சிங்களத் தலைவர்களின் எதிர்ப்பினால் நிரந்தர வதிவு, அத்தாட்சிப் பத்திரம் என்று முட்டுக்கட்டைகள் போடப்பட்டன. அப்படியிருந்தும் ஏறத்தாழ ஒரு லட்சம் தோட்டத் தமிழர் 1931 இல் வாக்காளராகப் பதிவாயினர். ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். பெரி சுந்தரம் தொழில் அமைச்சருமானார். நம் பாட்டனார்கள் முதன்முதலில் வாக்குச்சாவடிக்குப் போனதில் குணசிங்கவின் கோரிக்கைக்கும் ஒரு பங்குண்டு. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நேர்மையன்று.

அந்தத் தேர்தலில் குணசிங்கவும் கொழும்பு மத்திய தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆனால் காலம் கெட்டிருந்தது. 1929 இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் இலங்கையையும் பிடித்தது. தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. துறைமுகத்தில் வேலை குறைந்தது. கொழும்பில் வேலையற்றோர் தொகை பெருகிற்று. பசித்த தொழிலாளி தன் தலைவனிடம் வந்து ‘ஏன் எனக்கு வேலையில்லை?’ என்று கேட்டான். அதற்குச் சரியான விடை லண்டன் பங்குச்சந்தையிலும் கொழும்புக் கோட்டையிலிருந்த கம்பனிகளின் கணக்குப் புத்தகங்களிலும் இருந்தது. குணசிங்க கொடுத்த விடை வேறு. பக்கத்தில் நிற்கும் மலையாளியைக் காட்டினார்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் உணவுக்கடைகளிலும் வேலை செய்த மலையாளிகளுக்கு எதிராக அவர் நடத்திய பிரசாரம் 1930களின் கொழும்பில் ஒரு நஞ்சாகப் பரவியது. அவருடைய ‘வீரய’ என்ற சிங்களப் பத்திரிகை அதற்குக் கருவியாயிற்று. 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுள் மலையாளிகள் பெருந்தொகையினராக இருந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்க முன்வந்தவர் கொல்வின் ஆர். டி. சில்வா என்ற இளம் வழக்கறிஞர். தொழிலாளர் இயக்கத்தின் தந்தையோ அவ்வேலைநிறுத்தத்தை முறியடிக்கும் பக்கத்தில் நின்றார். பத்தாண்டுகளுக்கு முன் எந்தக் கருங்காலிகளைத் தூற்றினாரோ, அவர்களோடு சேர்ந்து நிற்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை. தொழிலாளிக்கு எழுத்தறிவும் உரிமையுணர்வும் ஊட்டுவதற்கென்று பிறந்த அச்சுக்கூடம், அதே தொழிலாளிக்கு அயலானைப் பகைக்கக் கற்றுக்கொடுத்தது. எழுத்துக் கோக்கும் கைகளும் மையும் காகிதமும் மாறவில்லை. பகையை அச்சடிப்பது இலகு, விற்பது அதனினும் இலகு. குணசிங்கவுக்குப் பின் எத்தனையோ பேர் எல்லா மொழிகளிலும் அந்த இலகுவான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் மொழியும் இதற்கு விலக்கன்று.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயென்று எண்ணிவிடலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்தவர்களை மேயராகத் தெரிவு செய்தது. இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவராயிருந்த யூஜின் ஷ்மிற்ஸ் 1902 முதல் 1907 வரை அப்பதவியில் இருந்தார். அயர்லாந்திலிருந்து வந்து தச்சுவேலை செய்து கட்டடத் தொழிலாளர் தலைவராக உயர்ந்த பி. எச். மக்கார்த்தி 1910 இல் மேயரானார். இரு மேயர்களையும் தாங்கி நின்ற தொழிற்சங்கங்களே ஆசியரை நாட்டுக்குள் விடாதே என்று முழங்கிய கழகத்தையும் தாங்கி நின்றன. 1906 இல், ஷ்மிற்ஸ் மேயராயிருந்த காலத்தில், யப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்குத் தள்ள அந்நகரக் கல்விச் சபை கட்டளையிட, அது இரு நாடுகளுக்கிடையிலான தகராறாக வளர்ந்து ஜனாதிபதி ரூஸ்வெல்ற் தலையிட நேர்ந்தது. பஞ்சாபிலிருந்து போன இந்தியத் தொழிலாளரும் அந்த வெறுப்புக்குத் தப்பவில்லை. கூலியைக் குறைப்பவன் முதலாளி, ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவன் குறைந்த கூலிக்கு வந்தவன். கொழும்பிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நடந்தது இதுவே.

மாறான உதாரணமும் அமெரிக்காவிலேயே உண்டு. மில்வாக்கி நகரில் டானியல் ஹோன் என்ற சோஷலிஸ்ட் 1916 முதல் 1940 வரை இருபத்துநான்கு ஆண்டுகள் மேயராக இருந்தார். சுகாதாரம், வடிகால், நேர்மையான நிர்வாகம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றவர் அவர். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் தன் நகருக்குள் நுழைந்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்தார். அதன் பின்னரும் மக்கள் அவரை மீண்டும் மீண்டும் தெரிவு செய்தார்கள். ஆகவே வாக்கு வேண்டுமானால் பகை வளர்த்தே ஆகவேண்டும் என்று எவரும் சாட்டுச் சொல்ல இயலாது.

கொழும்பு மாநகர சபைக்கு மேயர் பதவி 1937 இல்தான் வந்தது. முதலாவது மேயர் தமிழரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. குணசிங்க அப்பதவிக்கு வந்தது 1940 இல். கல்லுடைக்கும் கூலிக்காகக் குரல்கொடுத்தவர் மேயரின் அங்கியும் கழுத்துச் சங்கிலியும் அணிந்து நகர மண்டபத்தில் அமர்ந்தது, ஒரு வகையில் கொழும்பின் ஏழை மக்களுக்குக் கிடைத்த மகுடமே. ஆனால் அந்த 1940ஆம் ஆண்டு நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அதற்கு முந்திய ஆண்டு, 1939 இல், அரசாங்க சேவையில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வேலைநீக்கும் திட்டத்தை இலங்கை அமைச்சர்கள் கொண்டுவந்தனர். சமரசம் பேச ஜவஹர்லால் நேரு ஜூலை மாதம் வந்தார், பயன் விளையவில்லை. அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. நகரத்துத் தொழிலாளர் இயக்கம் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று உணர்ந்தவர்கள் தங்களுக்கென்று தனியே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்பவர் உயிரிழந்தார். போராட்டம் தோட்டந்தோட்டமாகப் பரவி ஊவாவுக்கும் வந்தது. மே மாதத்தில் பதுளையில் தடையுத்தரவை மீறி லங்கா சமசமாஜக் கட்சி பெருங்கூட்டம் நடத்தியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவு செய்ய, அதைக் கலந்து நிர்வாகம் நடத்தத் துரை இணங்கவேண்டியதாயிற்று. அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர் என்பதும் பதிவாகியுள்ளது. அடுத்த மாதமே சமசமாஜத் தலைவர்கள் கைதாகிச் சிறை புகுந்தனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது.

1923 இல் மருதானையில் குணசிங்க தொடங்கிய காரியம் 1940 இல் வேவெஸ்ஸவில் உச்சத்துக்கு வந்தது என்று ஒருவர் எழுதினால் அது பிழையாகாது. ஆனால் அந்த உச்சத்தில் அவர் இல்லை. அவர் கொழும்பு நகர மண்டபத்தில் இருந்தார். இரண்டு இடங்களையும் இணைத்த ரயில் பாதை அப்படியே இருந்தது. தேயிலைப் பெட்டிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன.

மிச்சக் கதை சுருக்கமானது. 1947 இல் கொழும்பு மத்திய தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற குணசிங்க, டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கத் தரப்பில் அமர்ந்து, பின் இலாகா இல்லாத அமைச்சராகவும் ஆனார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த அரசாங்கத்தின் கைவேலை. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. எல்லோருக்கும் வாக்கு என்று 1927 இல் கேட்டவர், லட்சக்கணக்கான தொழிலாளரின் வாக்கைப் பறித்த அரசாங்கத்தோடு ஒட்டிக்கொண்டார். பின்னர் பர்மாவிலும் இந்தோனேசியாவிலும் இலங்கையின் தூதுவராகப் பணியாற்றி, 1967 இல் காலமானார். அதற்குள் 1964 இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை வந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தாயிற்று. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை சட்டப்படி தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் இழந்தது மலையகம் மட்டுமா? 1931 இல் நகரத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஒரே அணியில் வாக்குச்சாவடிக்குப் போயிருந்தால், அரசாங்க சபையில் உழைப்பாளரின் குரல் எத்தனை மடங்கு ஓங்கியிருக்கும்! பிளவுபட்டபின் குணசிங்கவின் சொந்தக் கட்சியும் தேய்ந்தது. இனத்தின் பெயரால் தொழிலாளரைத் திரட்டத் தொடங்கினால், அதே வேலையை அவரைவிடத் திறமையாகச் செய்யக்கூடியவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் வந்தபோது தொழிலாளிக்குக் குணசிங்க தேவைப்படவில்லை.

அவருக்கு ஓரிடமும் ஒரு பஸ் நிலையமும் பெயராக நின்றன. வேவெஸ்ஸவில் சபை அமைத்த தொழிலாளருக்கு அதுவும் கிடைக்கவில்லை. மலையகப் பிள்ளைகள் இரு வரலாறுகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். குணசிங்க தந்ததையும் அறியவேண்டும், அவர் பறிகொடுத்ததையும் அறியவேண்டும். இன்றும் எங்கேனும் ஒரு தலைவர் வேலையில்லாதவனிடம் வந்து, உன் வேலையைத் தின்றவன் இதோ என்று இன்னோர் ஏழையைச் சுட்டிக்காட்டினால், அவர் எந்த மொழி பேசினாலும், நம்மவரேயானாலும், 1930களின் கொழும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.